அடியிலிருந்து மேலே: உழைக்கும் தோல் பூட்ஸைத் தேர்ந்தெடுத்து ஜீன்ஸுடன் அணிவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பூட்ஸ் வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் நிறத்தின் மேல்தான் விழுகிறது. பிறகு தோலைத் தடவிப் பார்ப்பார்கள், மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார்கள். அதைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அடியில் தொடங்கித் தையலைப் பாருங்கள், பிறகு தோலுக்கு வாருங்கள், பாதத்தோடு பொருத்திப் பாருங்கள். ஜீன்ஸைப் பற்றிக் கடைசியாக யோசியுங்கள்.

ஜீன்ஸின் நீளம் கூடிவிட்டால் தையற்காரர் அரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவார். தோலின் நிறம் வெளிறித் தெரிந்தால் எண்ணெய் பூசிக் கருமையாக்கலாம். ஆனால் ஒட்டப்பட்ட அடிப்பாகத்தை வாங்கிய பிறகு தைக்கப்பட்டதாக மாற்ற வழியில்லை. அகலம் போதாத பூட்ஸோ எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியிலேயே கிடக்கும்.

முதல் படி: எந்தத் தரையில் நிற்கப்போகிறீர்கள்?

நாள் முழுவதும் கான்கிரீட் தரையில் நிற்பவருக்கு வெட்ஜ் வகை அடி ஏற்றது. குதிகாலுக்கென்று தனிக் கட்டை இல்லாமல், முன்னிருந்து பின்வரை தட்டையாகத் தரையில் பதியும் மென்மையான அடி அது. உடலின் பாரம் பாதம் முழுவதும் பரவுவதால் மாலையில் கால் கடுப்பது குறையும். மென்மையானது என்பதால் சீக்கிரம் தேயும்; சேற்றிலும் ஈரப் புல்லிலும் பிடிமானம் குறைவு.

கல்லும் சேறும் மேடும் பள்ளமுமான இடத்தில் வேலை என்றால் ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடியும் தனிக் குதிகாலும் வேண்டும். இந்தப் பல்வைத்த ரப்பருக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, 1935இல் ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விபத்தில் தம் தோழர்கள் ஆறு பேரை இழந்தார். அந்தக் குளிருக்கும் பனிக்கும் அவர்களுடைய காலணிகள் ஈடுகொடுக்காதது ஒரு காரணம் என்று அவர் கருதினார். 1937இல் அவர் உருவாக்கிய ரப்பர் அடிதான் அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து விப்ரம் என்று இன்றும் அழைக்கப்படுகிறது. அடிப்பாகத்தில் மஞ்சள் நிற எண்கோண முத்திரையைப் பார்த்தால் அது இதுதான்.

ஏணியில் அடிக்கடி ஏறுபவர்கள் குதிகால் உள்ள பூட்ஸையே வாங்க வேண்டும். ஏணிப் படியில் குதிகாலின் முன்விளிம்பு மாட்டிக்கொள்வதால் கால் முன்னுக்கு வழுக்காது. அதோடு, பாத வளைவுக்கு அடியில் ஷாங்க் எனப்படும் எஃகு அல்லது கண்ணாடியிழைப் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத பூட்ஸில் ஏணிப் படி உள்ளங்காலை அறுப்பதுபோல் அழுத்தும்.

நகரத் தெருவில் நடக்கவும் நண்பர்களைப் பார்க்கவும்தான் என்றால் ஆழப் பற்கள் தேவையில்லை. அவற்றில் ஒட்டும் சேறு வீட்டுக்குள் வந்து சேரும். சிறு பற்கள் கொண்ட ரப்பரோ, தக்கைத் துகள் கலந்த நைட்ரைல் ரப்பரோ போதும். பக்கத்திலிருந்து பார்த்தால் மெலிதாகத் தெரியும், ஜீன்ஸுடனும் நன்றாக இசையும்.

கனமான பொருள் விழக்கூடிய இடத்தில் வேலை செய்பவர்கள் அழகைப் பற்றி யோசிப்பதற்கு முன் பாதுகாப்புத் தரத்தைப் பாருங்கள். பாதுகாப்புக் காலணிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 20345இன்படி விரல்முனைக் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். விரல்முனையில் இன்னொரு தோலை வைத்துத் தைத்த பூட்ஸ்கள் நிறைய இருக்கின்றன. பார்வைக்குக் கவசம்போலவே தெரியும். அவை உரசலைத் தாங்கும், விழும் இரும்பைத் தாங்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: மேலும் கீழும் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன?

என் முதல் பூட்ஸைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எண்ணெய் ஊறிய நல்ல பழுப்புத் தோல். விசேஷ நாட்களுக்கென்று பத்திரப்படுத்தி, நான்கு ஆண்டுகளில் பத்து முறைகூட அணிந்திருக்க மாட்டேன். ஒரு நாள் எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தபோது அடிப்பாகம் காய்ந்த ரொட்டிபோல் உதிரத் தொடங்கியது. வீடு திரும்புவதற்குள் ஒரு காலில் அடியே இல்லை. மேல்தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை. காலணி தைப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் போட இதில் இடமே இல்லையே" என்றார்.

அந்த அடி பாலியூரித்தேனால் ஆனது. இலேசானது, மெத்தென்றிருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைச் சிறுகச் சிறுக உடைத்துவிடுகிறது. அணியாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். அதனால்தான், நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் ரப்பர் அடியையும் தையல் கட்டுமானத்தையும் பாருங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

கட்டுமானங்களில் முதலாவது குட்இயர் வெல்ட். வெல்ட் என்பது பூட்ஸைச் சுற்றி ஓடும் ஒரு தோல் பட்டை. மேல்தோலும் உள்ளடியும் இந்தப் பட்டையோடு சேர்த்து ஒரு தையலால் பிணைக்கப்படுகின்றன. அதே பட்டையை வெளியடியோடு பிணைப்பது வேறொரு தையல். அடி தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புதிய அடியைத் தைக்கலாம். மேல்தோலைத் தொட வேண்டியதில்லை. உள்ளே எஞ்சும் குழிவில் தக்கை நிரப்பப்படுகிறது. உங்கள் பாரத்தில் அது அமுங்கி, சில வாரங்களில் உங்கள் பாதத்தின் அச்சையே எடுத்துக்கொள்ளும். ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்ற சார்லஸ் குட்இயரின் மகன்தான் இந்தத் தையல் இயந்திரத்தைப் பரவச் செய்தவர். கையால் தைத்துக்கொண்டிருந்த வேலையை அது இயந்திரத்துக்குக் கொண்டுவந்தது.

ஸ்டிச்டவுன் என்பது இன்னொரு முறை. இதில் மேல்தோலின் விளிம்பை வெளிப்பக்கமாக விரித்து, அடியின் மேல் படியவைத்துத் தைத்துவிடுகிறார்கள். காட்டில் மரம் வெட்டுபவர்களுக்கான கனத்த பூட்ஸ்களில் இதைக் காணலாம். அடியை மாற்றுவதும் எளிது. பிளேக் தையல் உள்ளடியிலிருந்து நேராக வெளியடிக்கு இறங்குகிறது. எளிதில் வளையும், இலேசாக இருக்கும், ஆனால் தையல் துளை வழியாக ஈரம் ஏறக்கூடும். கடும் வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் பசையால் ஒட்டியதும், அச்சில் ரப்பரையோ பாலியூரித்தேனையோ ஊற்றி வார்த்ததும் கடைசி வகை. ஓரிரு ஆண்டுகள் போதும் என்பவருக்கு அது சரி.

ஓர் எச்சரிக்கை. ஒட்டப்பட்ட பூட்ஸிலும் ஓரத்தில் அலங்காரத்துக்காகத் தையல் போடுவது உண்டு. உண்மையான வெல்ட்டிலும், தைத்த நடு அடுக்கின் கீழே ரப்பர் ஒட்டப்பட்டிருந்தால் அடியில் தையல் தெரியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், "இதன் அடியைப் பிரித்து மாற்ற முடியுமா?" என்று விற்பவரிடம் கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் மேலே போகலாம்.

மூன்றாம் படி: தோல்

"அசல் தோல்" என்ற முத்திரை தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கேட்க வேண்டிய சொல் ஃபுல் கிரெய்ன். விலங்குத் தோலின் மேற்பரப்பைத் தேய்த்து மழுக்காமல் அப்படியே வைத்திருப்பது அது. இழைகள் மிக நெருக்கமாக இருக்கும் அடுக்கு அதுதான் என்பதால் வலிமையும் அங்கேதான். பூச்சிக்கடித் தழும்பு, நரம்போட்டம், சிறு சுருக்கம் ஆகியவை தெரியும். அவற்றைக் குறை என்று ஒதுக்காதீர்கள். மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு நெகிழிப் பூச்சும் செயற்கை வரியும் அச்சிட்ட தோல் புதிதில் மாசற்று மின்னும். மடியும் இடத்தில் பூச்சு வெடித்த பிறகு அதைத் தேற்றுவது கடினம்.

விரலால் பின்புறமிருந்து தோலை மேல்நோக்கி அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் வெளிறி, விரலை எடுத்ததும் பழைய நிறத்துக்கு வந்தால், எண்ணெயும் மெழுகும் ஊறிய புல்-அப் தோல். கீறல் விழுந்தாலும் கட்டைவிரலால் தேய்த்தே பெரும்பாலும் மறைத்துவிடலாம். முதல் பூட்ஸ் வாங்குபவருக்கு நான் இதையே சொல்வேன்.

குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, நீரைத் தாங்கும், விரைவில் காலுக்குப் பழகும். மரப்பட்டைச் சாற்றில் பல வாரங்கள் ஊறிப் பதனாகும் தோல் முதலில் பலகைபோல் விறைப்பாக இருக்கும். வெயிலும் கையெண்ணெயும் பட்டு நிறம் ஆழ்ந்துகொண்டே போகும். இரண்டும் சேர்ந்த பதனும் உண்டு. தோலின் உட்புறத்தை வெளியே திருப்பித் தைப்பதை ரஃப் அவுட் என்கிறார்கள். சொரசொரப்பாக இருப்பதால் கீறல் விழுந்தாலும் தெரியாது. வலிமையான மேற்பரப்பு உள்ளே பாதுகாப்பாக இருப்பதால் முரட்டு உழைப்புக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. ஸ்வேட் வேறு: பிளந்தெடுத்த மெல்லிய உள்ளடுக்கு அது. தொட்டால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கனத்தைப் பார்த்தால் வேறுபாடு புரியும். உழைக்கும் பூட்ஸுக்குத் தோலின் தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

நான்காம் படி: உயரமும் விரல்முனையும்

6 அங்குல உயரம் பெரும்பாலோருக்குச் சரி. கணுக்காலைப் பிடிக்கும், ஜீன்ஸுக்குள் அடங்கும். 8 அங்குலத்துக்கு மேல் போனால் பாதுகாப்பு கூடும், லேஸ் கட்டும் நேரமும் கூடும், ஜீன்ஸின் கால் அகலமும் கூட வேண்டும். விரல்முனையைச் சுற்றிப் பட்டைபோல் தையல் ஓடும் மொக் டோ, அகன்ற பாதத்துக்கு இடம் கொடுக்கும். தையலற்ற உருண்டையான முனை எதனோடும் ஒத்துப்போகும்.

ஐந்தாம் படி: பாதம்

"செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா?" என்று ஒரு பழமொழி உண்டு. கொஞ்சம் இறுக்கம்தான், போகப் போகத் தளர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் பூட்ஸ் வாங்கும் ஒவ்வொருவரும் அதைத்தான் செய்கிறார்கள். தோல் அகலவாக்கில் சற்றுத் தளரும். நீளவாக்கில் தளராது.

மாலையில் அளந்து பாருங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். அணியப்போகும் காலுறையோடு, நின்றபடி, இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவையே எடுங்கள். நீளம் மட்டும் போதாது. அளக்கும் கருவியான பிரானாக் மூன்று அளவுகளைத் தருகிறது: குதிகாலிலிருந்து விரல்நுனி, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு, அகலம். இரண்டாவது அளவைப் பலர் கவனிப்பதே இல்லை. பூட்ஸ் மடியும் இடமும் உங்கள் பாதம் மடியும் இடமும் ஒன்றாக அமைவது அதைப் பொறுத்தது. நீண்ட பாதமும் குட்டை விரல்களும் கொண்டவர், விரல்நுனி அளவை மட்டும் நம்பினால் மூட்டு தவறான இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

உழைக்கும் பூட்ஸ்கள் பல, விளையாட்டுக் காலணியின் அளவைவிட அரை அளவோ ஓர் அளவோ குறைத்து எடுக்க வேண்டியவை. அவற்றின் தோலை இழுத்து வடிவமைக்கும் பாத வடிவ அச்சு, அதாவது லாஸ்ட், அப்படி அமைந்திருக்கும். ஒரே நிறுவனத்திலும் அச்சு மாறினால் பொருத்தம் மாறும். ஆகவே எண்ணை மறந்துவிட்டு உணர்வைக் கேளுங்கள்: விரல்நுனிக்கு முன்னால் ஒரு விரலகலம் காலியாக இருக்க வேண்டும், பெருவிரல் மூட்டு பூட்ஸின் மிக அகன்ற இடத்தில் உட்கார வேண்டும், மேற்பாதத்தைக் கைகுலுக்கும்போது கை பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் நசுங்கினால் நீளத்தைக் கூட்டாதீர்கள், அகலமான வகையைக் கேளுங்கள். புதிதில் குதிகால் சிறிது மேலெழுவது இயல்பு. விறைத்த அடி வளையத் தொடங்கியதும் அது குறைந்துவிடும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழுந்தால் அளவு தவறு.

ஆறாம் படி: பழக்குதல், பராமரித்தல்

முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். தடித்த காலுறை அணியுங்கள், லேஸைச் சற்றுத் தளரக் கட்டுங்கள். வலி ஒரே இடத்தில் தொடர்ந்தால் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தோடு பழக்கக் கூடாது. தண்ணீரில் ஊறவைத்து அணிவதும், சூட்டில் காட்டுவதும் தோலைக் கெடுக்கும் வழிகள்.

பராமரிப்பு பலர் நினைப்பதைவிடக் குறைவு. குதிரைமயிர்த் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். சேறு பட்டால் காயவிட்டுத் துலக்கி, ஈரத் துணியால் துடையுங்கள். தோல் வறண்டு வெளிறினால் மட்டும், தோலை மென்மையாக்கும் பூச்சான லெதர் கண்டிஷனரை மெல்லியதாக இடுங்கள். சாதாரண உபயோகத்துக்கு ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை போதும். அளவுக்கு மீறினால் தோல் தொளதொளத்துப் போகும். மிங்க் எண்ணெய் நிறத்தைக் கருமையாக்கும். வேண்டுமென்றால் மட்டும் பூசுங்கள். நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாளை அடைத்து, நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். ஒரு நாள் அணிந்தால் மறுநாள் ஓய்வு; உள்ளே ஊறிய வியர்வை உலர அந்த நேரம் வேண்டும்.

அடி தேய்ந்து நடு அடுக்கைத் தொடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். தாமதித்தால் வெல்ட்டும் தேய்ந்து, செலவு இரட்டிக்கும்.

ஏழாம் படி: இப்போது ஜீன்ஸ்

உழைக்கும் பூட்ஸும் ஜீன்ஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸும் 1873இல் செப்புக் குடையாணி அடித்த உழைப்பாளர் கால்சட்டைக்குக் காப்புரிமை பெற்றார்கள். வேலையில் பை கிழிந்துபோகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். கனத்த பூட்ஸின் மேல் கனத்த டெனிம் விழும்போது கண்ணுக்கு இதமாக இருப்பதற்கு இந்த உறவே காரணம். மெல்லிய, காலோடு ஒட்டும் துணி கனத்த பூட்ஸின் மேல் விழுந்தால் கால்கள் குச்சியாகவும் பாதங்கள் கட்டையாகவும் தெரியும்.

டெனிமின் கனம் ஒரு சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று சொல்லப்படுகிறது. 12 முதல் 14 அவுன்ஸ் வரை பூட்ஸுடன் நன்றாக நிற்கும். 16க்கு மேல் விறைப்பு அதிகம். பழக விருப்பமுள்ளவர்கள் வாங்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கால் விளிம்பின் அகலம். இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறேன். பூட்ஸை அணிந்து லேஸைக் கட்டிக்கொண்டு, அதன் மேல்விளிம்பைச் சுற்றி அளவுநாடாவால் அளக்க வேண்டும். வரும் எண்ணைப் பாதியாக்கி ஒன்றேகால் அங்குலம் கூட்டினால், ஜீன்ஸைத் தட்டையாக விரித்து அளக்கும்போது கால் விளிம்பு இருக்க வேண்டிய குறைந்தபட்ச அகலம் கிடைக்கும். சுற்றளவு 12.5 அங்குலம் என்றால் 6.25, அதோடு 1.25, ஆக 7.5 அங்குலம். 8 அங்குல உயரப் பூட்ஸின் சுற்றளவு 13.5 என்றால் 8 அங்குலம் வேண்டும். இதற்குக் குறைந்தால் நடக்கும்போது துணி பூட்ஸின் மேல்விளிம்பில் சிக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு முறை எழும்போதும் குனிந்து இழுத்துவிட வேண்டியிருக்கும். நேராக இறங்கும் ஸ்ட்ரெய்ட் வகையும், கீழே சிறிது குறுகும் வகையும் இந்த அளவுக்குள் வந்துவிடும். மிகக் குறுகலான வகையை விரும்புகிறவர்கள் மெலிந்த அடியும் குறுகிய மேல்பாகமும் கொண்ட பூட்ஸைத் தேடுங்கள்.

நீளத்தை பூட்ஸ் அணிந்தே பார்க்க வேண்டும். குதிகால் உங்களை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்துவதால், சாதாரணக் காலணிக்குச் சரியாக இருந்த ஜீன்ஸ் இங்கே குட்டையாகிவிடும். துவைத்த பின் சுருங்குவதையும் கணக்கில் சேருங்கள்: 34 அங்குல உள்நீளத்தில் 3 சதவீதம் சுருங்கினாலே ஓர் அங்குலம் போய்விடும். சான்ஃபரைஸ் செய்யாத, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கப்படாத டெனிம் என்றால் 10 சதவீதம்வரை சுருங்கலாம். ஆகவே துவைக்கும் முன் வெட்டாதீர்கள்.

விளிம்பை விடும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே மடிப்பு, ஒன்றரை அங்குலம். மேலிருக்கும் இரண்டு லேஸ் கொக்கிகளை மறைத்து, பூட்ஸின் வடிவம் தெளிவாகத் தெரியும்படி நிற்கும். உயரமானவர்கள் இரண்டு அங்குலம்வரை மடிக்கலாம். குள்ளமானவர்களுக்கு ஓர் அங்குலமே நல்லது, அகன்ற மடிப்பு காலைக் குறைத்துக் காட்டும். மடிக்காமல் விட்டால் முன்பக்கம் ஒரு சிறு வளைவோடு பூட்ஸின் மேல் உட்கார வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் தரையில் இழுபடக் கூடாது. பொறி பறக்கும் வேலையிலும் வெல்டிங்கிலும் மடிப்பு ஆபத்து. அங்கே விளிம்பை இறக்கிவிட்டே வேலை செய்யுங்கள், ஜீன்ஸை பூட்ஸுக்குள்ளும் செருகாதீர்கள்.

எட்டாம் படி: நிறமும் சாயமும்

நடுத்தரப் பழுப்பு எந்த நீலத்தோடும் சேரும். ஒரே ஜோடிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் அதையே எடுங்கள். கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு, துவைக்காத கருநீல ஜீன்ஸில் அழகாகத் தெரியும். கறுப்பு பூட்ஸ் கறுப்பு, சாம்பல் ஜீன்ஸுக்கு உரியது. வெளிறிய நீலத்தோடு வெட்டிக்கொண்டு நிற்கும். மணல் நிற ரஃப் அவுட், நன்றாக வெளுத்த நீலத்தோடும் அடர்நீலத்தோடும் பொருந்துகிறது. பெல்ட் அதே நிறத்தில் இருக்க வேண்டியதில்லை, பழுப்போடு பழுப்பாக இருந்தால் போதும்.

வெளிர்நிறத் தோலுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. நீலச் சாயம் பருத்தி நூலின் உள்ளே முழுதாக ஊறுவதில்லை, மேலேயே படிந்து நிற்கிறது. ஜீன்ஸ் அழகாக வெளுப்பதற்கும் அதுவே காரணம், பூட்ஸின் மேல்விளிம்பில் நீலம் ஏறுவதற்கும் அதுவே காரணம். புதிய அடர்நீல ஜீன்ஸை மணல் நிற பூட்ஸோடு அணிவதற்கு முன் ஒருமுறை குளிர்ந்த நீரில் உட்புறத்தை வெளியே திருப்பி அலசிக் காயவையுங்கள். முதல் சில வாரங்களுக்கு விளிம்பை மடித்துவிடுங்கள். மடிப்பின் வெளியே தெரியும் பக்கத்தில் வெள்ளை நூலே அதிகம் என்பதால் அது படும் இடத்தில் சாயம் குறைவாகவே ஏறும். ரஃப் அவுட்டில் ஏறிய இளநீலத்தை ஸ்வேட் அழிப்பானால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். எண்ணெய்த் தோல் என்றால் ஈரத் துணியால் அன்றே துடைத்துவிட வேண்டும். கண்டிஷனர் பூசுவது அதற்குப் பிறகுதான். முதலில் பூசினால் நீலம் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும்.